மேலே கீறல்கூட இல்லை, உள்ளே என்ன ஆச்சு? கார்பன் ஃபைபரில் மறைந்திருக்கும் அடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானத்தின் காம்போசிட் பாகங்களை, அதாவது கார்பன் இழையையும் பிசினையும் சேர்த்துச் செய்தவற்றை, உடைக்காமல், கழற்றாமல் சோதித்துப் பார்ப்பது என் வேலை. ஹேங்கரில் புதிதாகச் சேரும் பையன்கள் கேட்பதும், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது உறவினர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கார்பன் ஃபைபர் இரும்பைவிட வலுவானது என்கிறார்களே, ஒரு ஸ்பேனர் விழுந்ததற்கா இவ்வளவு பயம்?

இழை ஓடும் திசையில் இழுத்தால் வலுதான், சந்தேகமே வேண்டாம். ஒரு கார்பன் இழையின் குறுக்களவு 5 முதல் 7 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. இப்படி ஆயிரக்கணக்கான இழைகளை ஒரே திசையில் பரப்பி எப்பாக்ஸி ரெசினில், இறுகிக் கெட்டியாகும் ஒரு பிசினில், தோய்த்தால் ஒரு பிளை. அது தாள் போல மெல்லியது, 0.2 மி.மீ.கூட வராது. ஒன்றை நேராக, அடுத்ததை 45 பாகை சாய்வாக, இன்னொன்றைக் குறுக்காக என்று அடுக்கி, அழுத்தமும் சூடும் கொடுத்து வேகவைத்தால் லேமினேட் தயார். 4 மி.மீ. தகட்டில் இருபது பிளைக்கு மேல் இருக்கும்.

கோளாறு எங்கே என்றால், ஒரு பிளைக்கும் அடுத்த பிளைக்கும் நடுவில் இழை எதுவும் ஓடவில்லை. அங்கே பிடித்து வைத்திருப்பது ரெசின் மட்டும். மேலிருந்து விழும் ஸ்பேனர் தகட்டைக் குறுக்காக அடிக்கிறது; அந்த அடியைத் தாங்கவேண்டிய பொறுப்பு இருப்பதிலேயே பலவீனமான ரெசின்மேல் போய் விழுகிறது.

அரைக் கிலோ ஸ்பேனர் 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஆற்றல் சுமார் 5 ஜூல். மெல்லிய தகட்டுக்குள் அடுக்கைப் பிரிக்க அதுவே போதும். 2 கிலோ கருவிப்பெட்டி ஒன்றரை மீட்டரிலிருந்து விழுந்தால் சுமார் 30 ஜூல். 4 மி.மீ. தகட்டை ஆய்வகத்தில் வேண்டுமென்றே அடித்துச் சோதிக்கும்போது கொடுக்கும் அடியே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அலுமினியத்துக்கும் இதே கதிதானே?

இல்லை. அலுமினியம் அடி வாங்கினால் நசுங்கும், நசுங்கினது அப்படியே நிற்கும். எவ்வளவு பலமாக அடி பட்டது என்பதைப் பள்ளமே சொல்லிவிடும். கார்பன் லேமினேட் வளைந்துகொடுத்து, உள்ளே விரிசல் விட்டு, மறுபடி பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். பெயிண்ட்கூடப் பெயர்ந்திருக்காது. பல வருடம் உலோக விமானம் பார்த்துப் பழகிய மெக்கானிக்குகள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். 'பள்ளம் சின்னது, சேதமும் சின்னது' என்று அவர்கள் கண் கணக்குப் போட்டுவிடும்.

உள்ளே சரியாக எது உடைகிறது?

பரோட்டா மாஸ்டர் சுட்ட பரோட்டாக்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார், பார்த்திருப்பீர்கள். பரோட்டா கிழியாது, அடுக்கு மட்டும் விட்டுக்கொடுக்கும். லேமினேட்டிலும் முதலில் ரெசினில் நுண்ணிய விரிசல்கள் விழும். அந்த விரிசல் இரண்டு பிளைகளின் எல்லைக்கு வந்ததும் பக்கவாட்டில் திரும்பி ஓடும். பிளைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். இதுதான் டீலேமினேஷன், அடுக்குப் பிரிவு. அடி இன்னும் பலமாக இருந்தால்தான் இழைகள் உடையும்.

பிரிவு எல்லா எல்லையிலும் வருவதில்லை. ஒரே திசையில் போகும் இரண்டு பிளைகளுக்கு நடுவே அநேகமாக வராது. திசை மாறும் எல்லைகளில்தான் வரும். ஒவ்வொரு பிரிவும் நிலக்கடலை வடிவில், தனக்குக் கீழே இருக்கும் பிளையின் இழைத் திசையிலேயே நீளும். பிளைக்குப் பிளை திசை மாறுவதால், ஆழத்தை நிறமாகக் காட்டும் ஸ்கேன் படத்தில் அடிபட்ட இடம் சுழல் படிக்கட்டு மாதிரி தெரியும். முதல்முறை பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது.

மெல்லிய தகட்டில் சேதம் பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்து தொடங்கும், ஏனென்றால் வளையும்போது இழுபடுவது அந்தப் பக்கம். மேலே ஒன்றும் இல்லாமல், பின்பக்கம் சிலாம்பு சிலாம்பாகப் பிளந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். விமான இறக்கைத் தோலின் உட்பக்கத்தை எட்டிப் பார்க்க முடியாது என்பதுதான் சங்கடம்.

அடுக்குப் பிரிந்தால் என்ன? இழைதான் உடையவில்லையே?

இழுவிசைக்கு அவ்வளவு பாதிப்பில்லை. அழுத்தும்போதுதான் ஆபத்து. ஒட்டிய அட்டையை நிறுத்தி வைத்து மேலிருந்து அழுத்திப் பாருங்கள், தாங்கும். அதையே தனித்தனித் தாளாகப் பிரித்து அழுத்தினால் ஒவ்வொன்றும் வளைந்து வெளியே பிதுங்கும். பிரிந்த பிளைகளும் அப்படியே பிதுங்க, பிரிவு இன்னும் அகலமாகும்.

இதை அளக்க ஒரு தரச் சோதனை இருக்கிறது. 150 மி.மீ.க்கு 100 மி.மீ. தகட்டை எடுத்து, 16 மி.மீ. உருண்டை முனை கொண்ட எடையை அதன்மேல் விழவிட்டு, பிறகு அதே தகட்டை நெருக்கி உடைப்பார்கள். அடிப்பதற்கான தரவிதியின் பெயர் ஏஎஸ்டிஎம் டி7136, நெருக்குவதற்கு டி7137. வெளியே சொல்லிக்கொள்ளும்படி எதுவும் தெரியாத தகடுகள்கூட அழுத்த வலிமையில் பாதியை இழந்து நிற்பது இந்தச் சோதனையில் புதிதல்ல. விமான இறக்கையின் மேல்தோல் பறக்கும்போது முழுக்க அழுத்தத்தில் இருக்கிறது. கருவிகள் விழுவதும், ஆலங்கட்டி விழுவதும் அதே மேல்தோலில்தான்.

அப்படியானால் போயிங் 787-இல் ஏறவே பயமாக இருக்கிறதே. அதில் பாதி காம்போசிட்தானாமே?

எடையில் பாதி, ஆமாம். ஏர்பஸ் ஏ350-இல் 53%. நம் தேஜஸ் போர் விமானத்தின் உடற்கட்டிலும் 45%. பயப்பட வேண்டாம், வடிவமைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துத்தான் தடிமனை முடிவு செய்கிறார்கள்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2009-இல் வெளியிட்ட ஏசி 20-107பி என்ற வழிகாட்டியில் சேதத்தை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. வழக்கமான சோதனையில் கண்ணுக்குத் தப்பக்கூடிய சேதம் முதல் வகை. அது விமானத்தின் ஆயுள் முழுக்கக் கண்டுபிடிக்கப்படாமலே இருந்தாலும், வடிவமைப்பின் உச்சச் சுமையைப் பாகம் தாங்கவேண்டும். அதாவது 'இதை யாரும் பார்க்கப்போவதில்லை' என்று வைத்துக்கொண்டே கட்டுகிறார்கள். இரண்டாவது வகை, குறித்த கால சோதனையில் கண்டுபிடிபடுவது. மூன்றாவது, விமானத்தைச் சுற்றி வேலை செய்பவர்கள் கண்ணில் சில பயணங்களுக்குள் பட்டுவிடக்கூடியது. நான்காவது, பறவை மோதல், இன்ஜின் சில்லு தெறிப்பது மாதிரி விமானிக்கே தெரிந்துவிடுவது.

என் தூக்கத்தைக் கெடுப்பது ஐந்தாவது. வடிவமைப்புக் கணக்கிலேயே வராத அடி அது. உதாரணத்துக்கு, சரக்கு ஏற்றும் வண்டி விமானத்தின் வயிற்றில் மோதுவது. இதற்குக் கணக்கு கிடையாது. மோதியவர் சொன்னால்தான் உண்டு.

வண்டி மோதினால் தெரியாமலா போகும்?

போகும். வண்டியின் முன்னால் தடித்த ரப்பர் பம்பர் இருக்கிறது. அது மெதுவாக, அகலமாக அழுத்தும். வெளித்தோல் உள்ளே போய்விட்டு வண்டி விலகியதும் திரும்பி வந்துவிடும். உள்ளே தோலைத் தாங்கும் வளையச் சட்டங்கள் முறிந்திருக்கலாம், அவற்றைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் உடைந்திருக்கலாம். வெளியே ஒரு கறுப்பு ரப்பர் தீற்றல் மட்டும் இருக்கும். துணியால் துடைத்தால் அதுவும் போய்விடும். ஸ்பேனர் விழுந்த இடத்தில் ஒரு புள்ளியாவது கிடைக்கும். இங்கே அதுவும் இல்லை.

சரி, கண்ணால் பார்த்தால் எவ்வளவு தெரியும்?

'அரிதாகக் கண்ணுக்குத் தெரியும் சேதம்' என்று எங்கள் தொழிலில் சொல்வது, போயிங் கணக்கில் ஏறக்குறைய 0.25 முதல் 0.5 மி.மீ. ஆழப் பள்ளம். சாதாரண வெளிச்சத்தில், 5 அடி தூரத்தில் நின்று பார்த்தால் தப்பிவிடக்கூடியது. சில தபால்தலைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்த உயரம்தான் அது.

டார்ச்சை நேராக அடிக்காதீர்கள். தோலை ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தின் ஓரம் நிழலாக எழும். பளபளப்பான பெயிண்டில் எதிரொளி நெளிவதை வைத்தே பிடித்துவிடலாம். மங்கல் பெயிண்டில் அந்த வசதி இல்லை. அழுக்கு இருந்தால் பள்ளமே இல்லாத இடத்தில் பள்ளம் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. பள்ளம் நாளாக நாளாக ஆழம் குறையும். ஈரமும் சூடும், பறப்பில் வரும் அசைவும் ரெசினைத் தளர்த்த, தோல் கொஞ்சம் மேலே எழும்பும். அடிபட்ட அன்று தெரிந்த பள்ளம் சில மாதம் கழித்துத் தெரியாமல் போகலாம். உள்ளே பிரிந்த அடுக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளாது.

நாணயத்தால் தட்டிப் பார்ப்பார்களாமே, அது நிஜமா?

நிஜம்தான். சந்தையில் பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்பது போலத்தான். நல்ல இடத்தில் 'டிங்' என்று கூர்மையாகக் கேட்கும். பிரிந்த இடத்தில் 'டப்' என்று மந்தமாக. பிரிந்த மேலடுக்கு தளர்வாக இருப்பதால் நாணயம் அதன்மேல் கூடுதல் நேரம் ஒட்டி நிற்கிறது, அதனால் உயர் சுருதிகள் எழும்புவதில்லை. இந்தத் தொடுநேரத்தை அளந்து எண்ணாகக் காட்டும் மின்னணுச் சுத்தியல்களும் வந்துவிட்டன. இரைச்சலான ஹேங்கரில் காதைவிட அவை நம்பகம்.

ஆனால் இது மேலாக இருக்கும் பிரிவுக்கும், தேன்கூட்டுப் பலகையில் (இரண்டு மெல்லிய தோல்களுக்கு நடுவே தேன்கூடு போன்ற அறைகள் கொண்டது) தோல் கழன்றிருப்பதற்கும்தான் உதவும். தடித்த லேமினேட்டின் அடியில் இருப்பது தட்டலில் கேட்காது. உள்ளே சட்டம் ஓடும் இடத்தில் சத்தம் தானாகவே மாறும், அதையும் தெரிந்து வைத்திருக்கவேண்டும்.

தட்டிப் பார்ப்பதை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு 2005 மார்ச் 6 ஒரு சாட்சி. கியூபாவின் வராதேரோவிலிருந்து கனடாவின் கியூபெக் நகருக்குக் கிளம்பிய ஏர் டிரான்சாட் ஏ310 விமானத்தின் காம்போசிட் ரடர், வால் பக்கத்துத் திருப்புபலகை, நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. 271 பேரும் பத்திரமாக வராதேரோவிலேயே இறங்கினார்கள். அது ஸ்பேனர் விழுந்த கதை அல்ல, பலகைக்குள் பிணைப்பு விட்டுப்போன கதை. ஆனாலும் பார்வையும் தட்டலும் கொண்ட அன்றைய சோதனை முறை இப்படிப்பட்ட குறையை நேரத்தோடு பிடிக்க எல்லாச் சமயத்திலும் போதாது என்று கனடாவின் விசாரணை முடிவு சொன்னது.

அல்ட்ராசவுண்ட் சோதனையை எப்படிச் செய்கிறீர்கள்?

வயிற்று ஸ்கேன் மாதிரியேதான். ஜெல், ஒலியை அனுப்பித் திரும்பி வருவதைக் கேட்கும் புரோப், திரை. குழந்தை மட்டும் தெரியாது.

முதலில் அதே லேமினேட்டில் செய்த மாதிரித் துண்டை வைத்துக் கருவியைச் சரிபார்க்கவேண்டும். அந்தத் துண்டில் தெரிந்த ஆழங்களில் தெரிந்த அளவில் பிரிவுகளை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். அப்புறம் பாகத்தைத் துடைத்து, ஜெல் தடவி, 5 மெகாஹெர்ட்ஸ் புரோப்பை வைக்கிறேன். காற்று இடையில் இருந்தால் ஒலி உள்ளேயே போகாது, அதற்குத்தான் ஜெல்.

தகட்டின் குறுக்காக ஒலி நொடிக்குச் சுமார் 3,000 மீட்டர் ஓடுகிறது. 3 மி.மீ. தகட்டில் உள்ளே போய்ப் பின்சுவரில் பட்டுத் திரும்ப 2 மைக்ரோநொடி. திரையில் இடது ஓரத்தில் மேற்பரப்பின் எதிரொலி ஒரு முள்ளாக நிற்கும். வலப்பக்கம் பின்சுவர் இன்னொரு முள். நடுவே அமைதி. புரோப்பை மெதுவாக நகர்த்திக்கொண்டே வருவேன். பின்சுவர் முள் சட்டென்று குனியும், நடுவே புதிதாக ஒன்று தலைதூக்கும். பிரிந்த அடுக்குக்குள் இருக்கும் காற்றில் ஒலி மோதித் திரும்பிவிட்டது என்று அர்த்தம். அந்த முள் 1 மைக்ரோநொடியில் நின்றால் பிரிவு 1.5 மி.மீ. ஆழத்தில்.

முள்ளின் உயரம் பாதியாகக் குறையும் இடம்தான் சேதத்தின் ஓரம். 6 டெசிபல் இறக்கம் என்போம். அங்கே மெழுகு பென்சிலால் ஒரு புள்ளி. நாலு பக்கமிருந்தும் வந்து புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோணல்மாணல் வட்டம் கிடைக்கும். மேலே கடுகளவு பள்ளம், வட்டம் சமயத்தில் உள்ளங்கை அளவு. பக்கத்தில் நிற்கும் மெக்கானிக்கின் முகம் மாறுவது அப்போதுதான்.

ஒரு குறை உண்டு. மேலே இருக்கும் முதல் பிரிவு ஒலியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், அதற்குக் கீழே இருப்பவை அதன் நிழலில் மறைந்துவிடும். ஆகவே சேதத்தின் அகலம் தெரியும், எத்தனை அடுக்கு என்பது முழுதாகத் தெரியாது.

நேரம் இல்லாத இடத்தில், பயணிகள் ஏறக் காத்திருக்கும்போது, இவ்வளவு வேண்டியதில்லை. நல்ல இடத்தில் ஒருமுறை வைத்துப் பழக்கிவிட்டு, அடிபட்ட இடத்தில் வைத்தால் 'சரி' அல்லது 'சரியில்லை' என்று மட்டும் சொல்லும் சிறு கருவிகள் இருக்கின்றன. 'சரியில்லை' என்றால் எங்களைக் கூப்பிடுவார்கள்.

எக்ஸ்ரே எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடாதா?

எலும்பு முறிவு தெரிவது போல இது தெரியாது. தகட்டுக்கு இணையாகப் படுத்திருக்கும் பிரிவு கதிர் கடக்கும் தடிமனைக் குறைப்பதில்லை, அதனால் படத்தில் நிழல் விழாது. கதிரைத் தடுக்கும் திரவத்தை விரிசல் வழியே ஊறவிட்டு எடுத்தால் தெரியும், ஆய்வகத்தில் செய்வார்கள். சிடி ஸ்கேன் அருமையாகக் காட்டும், இறக்கையை அதற்குள் நுழைக்க முடிந்தால்.

வேறு என்ன முறைகள்?

தெர்மோகிராபி எனக்குப் பிடித்தது. பளிச்சென்று ஒரு ஃபிளாஷ் விளக்கால் தோலைச் சூடாக்கிவிட்டு அகச்சிவப்புக் கேமராவில் பார்ப்பது. சூடு உள்ளே இறங்கும் வழியில் பிரிவு இருந்தால் அங்கே தேங்கும். அந்த இடம் சில நொடி கூடுதலாகச் சூடாக நிற்கும். தொடவேண்டாம், ஜெல் வேண்டாம், ஒரே ஷாட்டில் ஒரு பெரிய தட்டளவு பரப்பு முடிந்துவிடும். ஆனால் ஆழம் இரண்டு மடங்கானால் காத்திருக்கும் நேரம் நாலு மடங்கு, படமும் கலங்கும். சில மி.மீ.க்குக் கீழே போனால் நம்ப முடியாது.

தேன்கூட்டுப் பலகைக்கு ஷியரோகிராபி நல்லது. லேசர் ஒளியில் வைத்து லேசாக வெற்றிடம் கொடுத்தால் கழன்ற தோல் மட்டும் உப்பும், அந்த மைக்ரான் கணக்கு உப்பல்கூடக் கோடுகளாகத் தெரியும்.

காந்தச் சுருளால் பாகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டிப் பார்க்கும் எடி கரன்ட் முறையில் உடைந்த கார்பன் இழையைப் பார்க்கலாம், அடுக்குப் பிரிவைப் பார்க்க முடியாது.

விமானம் முழுவதையும் அடிக்கடி ஸ்கேன் செய்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே?

ஒரு சதுர மீட்டரைக் கைப் புரோப்பால் ஒழுங்காகப் பார்க்கவே எனக்கு நெடுநேரம் ஆகும். ஒரு பெரிய விமானத்தின் தோல் பல நூறு சதுர மீட்டர். கருவி இருக்கிறது, ஆள் இருக்கிறது. எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. அந்தப் பதில் திரையில் வராது. 'இந்த இடத்தில் இடித்தது' என்று ஒருவர் வாய் திறந்து சொல்லவேண்டும்.

அடிபட்டது தெரிந்தும் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொலம்பியா விண்ணோடம் இருக்கிறது. 2003 ஜனவரி 16-ஆம் தேதி கிளம்பிய சுமார் 82 நொடியில் எரிபொருள் தொட்டியிலிருந்து முக்கால் கிலோ எடையுள்ள நுரைத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. அந்த விளிம்பு கார்பனும் கார்பனும் சேர்ந்த ஒருவகைக் காம்போசிட். மோதல் படத்தில் பதிவாகியிருந்தது. சுற்றுப்பாதையில் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள் என்று பொறியாளர்கள் கேட்டார்கள், நடக்கவில்லை. பிப்ரவரி 1-ஆம் தேதி திரும்பும் வழியில் கல்பனா சாவ்லா உட்பட 7 பேரும் இறந்தார்கள். நுரைதானே, என்ன செய்துவிடும் என்ற எண்ணம் அந்த ஜூலை வரை சிலருக்கு இருந்தது. சான் அன்டோனியோவில் அதே போன்ற நுரைத் துண்டை அதே மாதிரி விளிம்பின்மேல் சுட்டுப் பார்த்தபோது 40 செ.மீ. அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. 2005-இல் விண்ணோடங்கள் மறுபடி பறந்தபோது, முன்விளிம்பைச் சுற்றுப்பாதையிலேயே லேசரால் பார்க்க 15 மீட்டர் நீளக் கை ஒன்றும், அடியை உணரும் உணரிகளும் கூடவே போயின.

எங்கள் ஊரில் ஃபைபர் போட்டுகள் இருக்கின்றன. அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். உங்கள் போட்டு கண்ணாடி இழை. ரெசினில் நனைந்த கண்ணாடி இழை ஓரளவு ஒளி ஊடுருவும். அடிபட்டு அடுக்குப் பிரிந்த இடம் வெளுத்துத் தெரியும். வெளிப்பக்கம் நிறம் கலந்த ஜெல்கோட் என்ற மேல்பூச்சு மறைக்கும், அதனால் உள்ளே பெயிண்ட் அடிக்காத இடத்தில் பாருங்கள். பாறையில் தட்டிய இடத்தில் வெளியே நட்சத்திரம் போல மெல்லிய விரிசல்கள் கிளம்பியிருந்தால் உள்ளேயும் கட்டாயம் பார்க்கவேண்டும். அதன்மேல் ரெசின் பூசி மூடிவிடுவது மருந்தாகாது. பிரிந்த கண்ணாடி இழை மேட்டை (பாய் போன்ற விரிப்பு) நல்ல அடுக்கு வரும்வரை சரிவாகத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் புது மேட் போடவேண்டும். கார்பன் கறுப்பு. அதில் இந்த வெளுப்பு கிடைக்காது.

என் கார்பன் சைக்கிள் விழுந்துவிட்டது. வெளியே சின்னக் கீறல்தான். ஓட்டலாமா?

கீறலைத் துடைத்துவிட்டு நகத்தால் வருடிப் பாருங்கள், விளிம்பு தட்டுகிறதா என்று. நாணயத்தால் சுற்றிலும் தட்டி, இன்னொரு பக்கத்துக் குழாயில் அதே இடத்தோடு ஒப்பிடுங்கள். கட்டை விரலால் அழுத்தினால் கொடுக்கிறதா, முறுமுறு சத்தம் வருகிறதா? இதில் எது இருந்தாலும் ஓட்டவேண்டாம். எதுவும் இல்லாவிட்டாலும் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் அடி பட்டிருந்தால் நான் ஓட்டமாட்டேன். முன்சக்கரம் கழன்றால் விழுவது முகம். கார்பன் ஃபிரேமை அல்ட்ராசவுண்டில் பார்த்துத் தரும் இடம் கிடைத்தால் கொடுங்கள்.

பாகமே 'எனக்கு அடி பட்டது' என்று சொல்லும் காலம் வராதா?

வந்துகொண்டிருக்கிறது. தோலில் பீசோ தகடுகளை, மின்சாரம் கொடுத்தால் அதிர்ந்து, அதிர்ந்தால் மின்சாரம் தருபவற்றை, ஒட்டி, ஒன்று அதிர மற்றொன்று கேட்பது ஒரு வழி. நடுவில் பிரிவு இருந்தால் அலை மாறும். லேமினேட்டுக்குள்ளேயே ஒளியிழை புதைப்பது இன்னொரு வழி. ஆய்வகத்தில் அருமையாக வேலை செய்கின்றன. வெயிலில் சூடான தோலுக்கும் வானில் உறைந்த தோலுக்கும் அலை வேறு வேறாக ஓடுவதுதான் பெரிய தலைவலி. அப்புறம், விமானம் 25 வருடம் பறக்கும். ஒட்டிய உணரியும் அவ்வளவு காலம் உழைக்கவேண்டும்.

கருவி தவறி விழுந்ததைச் சொன்னால் வேலை போய்விடாதா?

எல்லாப் பையன்களும் கேட்க நினைப்பது இது, கேட்பவர் குறைவு. ஒழுங்கான இடத்தில் போகாது. சொல்லாமல் மறைத்தால்தான் போகும். ஆனால் எல்லா இடமும் ஒழுங்காக இருப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஹேங்கரில் ஒரு உதவியாள், வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் இருக்கும், சாயங்காலம் ஷிப்ட் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் என் மேசைப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தான். என்னடா என்றேன். "சார், மத்தியானம் ராட்செட் கை தவறிருச்சு" என்றான். ஏணி போட்டு மேலே ஏறினோம். கைவிரலை வைத்து இடம் காட்டினான். டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவன் விரலை எடுக்கச் சொல்லிவிட்டு ஜெல் தடவினேன். அங்கே பின்சுவர் முள் நன்றாகவே நின்றது. பக்கத்தில் மூன்று விரல்கடை தள்ளி நகர்த்தியதும் குனிந்தது. மெழுகு பென்சிலை அவன் கையிலேயே கொடுத்து, நான் சொல்லச் சொல்லப் புள்ளி வைக்கச் சொன்னேன். எட்டுப் புள்ளி வைத்தான். கை நடுங்கியதில் ஏழாவது மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்தது, அதை அழித்து மறுபடி வைத்தோம்.